குறுக்கே ஓடியவள்

நான் பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்தமாட்டேன். இருபது வருடமாக இன்சூரன்ஸ் ஏஜெண்டாகச் சோறு போட்ட வாய் இது. என் மனைவி நிறுத்திப் பார்த்தாள், முடியவில்லை. டாக்டர் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒரு வாரம் பேசக் கூடாது என்றார். அவரிடமே அரை மணி நேரம் பேசிவிட்டு வந்தேன். இந்த வாயை நிறுத்தியது வாழ்க்கையில் ஒரே ஒருத்திதான். என் மகள் இன்றைக்கும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுகிறாள் என்றால் அதற்கும் அந்த ஒருத்திதான் காரணம். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நடுவில் வேறு எங்காவது போய்விட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், குறுக்கே ஓடுவதற்கு அவள் இப்போது பக்கத்தில் இல்லை.

திண்டுக்கல்லில் எங்களுக்கு ஒரு நாடகக் குழு உண்டு. சிரிப்பு நாடகம். ஆனால் எழுதி வைத்த வசனம் கிடையாது. கூட்டத்திலிருந்து யாராவது ஒரு சொல்லைக் கொடுப்பார்கள். 'ஆதார் கார்டு' என்பார்கள், 'சம்பந்தி' என்பார்கள். அதை வைத்து நின்ற இடத்திலேயே கதை கட்டி நடிக்க வேண்டும். கல்லூரி லெக்சரர் ஒருவர் பெங்களூரில் போய் இதைக் கற்றுக்கொண்டு வந்து எங்களைப் பிடித்துப் பழக்கினார். ஞாயிற்றுக்கிழமை மதியம் நாகல்நகரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடியில் பயிற்சி. ஏழு பேர். பேகம்பூரில் தோல் கிடங்கு வைத்திருக்கும் பாய் ஒருவர், இன்சூரன்ஸ் ஏஜெண்டு நான், இப்படி ஆளுக்கொரு தொழில். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வதில்லை. நான் ஏஜெண்டு. நான் சொன்ன அந்த ஒருத்தி, அவள் ஊர்ப் பெயரால், நிலக்கோட்டை.

எழுதிய நாடகத்துக்கு முடிவும் எழுத்திலேயே இருக்கும். எங்களுக்கு அது கிடையாது. நடிக்கிறவனுக்கோ எங்கே நிறுத்துவது என்று தெரியாது. ஜனம் சிரித்துக்கொண்டிருக்கும்போது எவன்தான் நிறுத்துவான்? அதனால் ஓரத்தில் நிற்கிறவர்கள்தான் காட்சியை முடித்து வைக்க வேண்டும். ஒருவர் மேடையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு, நடிக்கிறவர்களுக்கு முன்னால், குறுக்கே ஓடுவார். ஓடிவிட்டால் அந்தக் காட்சி அவ்வளவுதான். நடித்தவர்கள் ஒதுங்க வேண்டும், அடுத்தவர்கள் வர வேண்டும். அதற்கு எங்கள் பாஷையில் வெட்டு என்று பெயர்.

நிலக்கோட்டையின் வேலை அது. நடிக்கச் சொன்னால் கூசுவாள். ஓரத்தில் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கொஞ்சம் முன்னால் சாய்ந்து நிற்பாள். வயது முப்பத்தெட்டு இருக்கும். கனத்த உடம்பு, ஆனால் ஓடினால் சத்தமே வராது. எங்கள் நிகழ்ச்சிகளின் வீடியோவில் அவள் முகம் ஒன்றில்கூடத் தெளிவாக இல்லை. ஒரு புடவைக் கலர் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகும், அதுதான் அவள்.

அவள் வந்து சேர்ந்த விதத்தைச் சொன்னால் எனக்குத்தான் அவமானம், இருந்தாலும் சொல்கிறேன். எங்கள் முதல் நிகழ்ச்சி, ஒரு பள்ளிக்கூடத்து ஷெட்டில். நான் தொலைந்துபோன ஆட்டைத் தேடுகிற ஏட்டய்யாவாக நடித்தேன். ஆடு கிடைத்துவிட்டது. கிடைத்த பிறகும் நான் விடவில்லை. ஆட்டை விசாரித்தேன், ஆட்டிடம் கையெழுத்துக் கேட்டேன், ஆட்டுக்கு ஜாமீன் கொடுத்தேன். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் மெல்ல மெல்ல செல்போனை எடுக்க ஆரம்பித்தார்கள். அப்போது இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு பெண் குரல், சண்டைக்கு வராமல், யோசனை சொல்கிற மாதிரி வந்தது.

"அண்ணே, ஆடு கெடச்சப்பவே முடிஞ்சுபோச்சுண்ணே. அடுத்தத ஆரம்பிங்க."

அன்றைக்குக் கிடைத்த பெரிய சிரிப்பு அதுதான். எனக்குக் காது மடல் சுட்டது. லெக்சரர் மேடையிலிருந்து குதித்துப் போய் அவள் போன் நம்பரை வாங்கினார்.

நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் அவள் வீட்டுக்காரருக்குக் கமிஷன் கடை. பாதி வேலையை அவள்தான் பார்த்தாள். பாலிசி விஷயமாக அந்தப் பக்கம் போன ஒரு காலையில் அவள் கடை முன்னால் செத்த நேரம் நின்று பார்த்தேன். மல்லிகை மொட்டு சாக்கு சாக்காக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. மதுரைக்குப் போகிற பஸ் ஹாரன் அடிக்கிறது. ஒரு வியாபாரி இன்னும் நாலு சாக்கு வரட்டும், சேர்த்து அனுப்பலாம் என்று பிடிவாதம் பிடித்தார். அவள் குவியலில் கையை விட்டு ஒரு மொட்டை எடுத்து நகத்தால் லேசாக அழுத்திப் பார்த்தாள்.

"இதுக்கு மேல காத்திருந்தா பெட்டிக்குள்ள விரிஞ்சுரும் அண்ணாச்சி. நாலு சாக்கு வரும், பதினாலு சாக்கு வீணாப் போகும். கட்டுங்கப்பா."

பெட்டிகள் கட்டி ஏறின. பஸ் போன பிறகு அந்த நாலு சாக்கும் வந்தது. வியாபாரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை, அடுத்த பஸ்ஸுக்குப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். மேடையிலும் அவள் அப்படித்தான். வெட்டிய பிறகு திரும்பிப் பார்க்கவே மாட்டாள்.

காட்சிக்குள் ஆளை மாற்றுவதற்கு இன்னொரு வழியும் வைத்திருந்தோம். நடிக்கிற இரண்டு பேரில் ஒருவரைத் தோளில் தட்டினால் அவர் வெளியேறுவார், தட்டியவர் அந்த இடத்துக்கு வந்து, மீதி இருப்பவரை வேறொரு கதைக்குக் கொண்டுபோவார். ஆணைப் பெண் தொட்டுத் தட்டுவதற்கு நம்ம ஊரில் கூச்சம் உண்டே, அதற்காக அவளுக்கு மட்டும் ஒரு துண்டு. மடித்த துண்டால் ஒரு தட்டுத் தட்டுவாள். அதை அவள் செய்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவை.

அதே பள்ளிக்கூடத்து ஷெட்டில் இன்னொரு நிகழ்ச்சி. பாய் பல் டாக்டராக நடித்துக்கொண்டிருந்தார், நான் நோயாளி. நான் என்ன கேட்டாலும், "வலிக்காது, வலிக்காது" என்பதுதான் அவர் பதில். கொறடு மாதிரி கையை வைத்துக்கொண்டு கிட்டே வருகிறார், "வலிக்காது." ஜனம் சிரிக்கிறது. நான் இதை இன்னும் பத்து நிமிஷம் இழுக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தேன். தோளில் துண்டு விழுந்தது. எழுந்து போனேன். நிலக்கோட்டை அந்த நாற்காலியில் உட்கார்ந்து, கீரை ஆய்கிற மாதிரி கையை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஏங்க, எங்கம்மா வந்துருக்காக. மூணு மாசம் இருப்பாகளாம்."

பாய் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு தனக்குத் தானே, ரொம்ப மெதுவாக, "வலிக்காது, வலிக்காது" என்றார்.

ஷெட் தகரம் அதிர்ந்தது. அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு நான் ஒரு வருஷம் பிழைப்பேன். அவளோ சிரிப்பு உச்சிக்கு ஏறும்போதே எழுந்து குறுக்கே ஓடிவிட்டாள். தான் சொன்ன ஒரே வசனத்தையும் தானே வெட்டிய ஆளை அதற்கு முன்னாலும் நான் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

இந்தப் பழக்கம் அவள் காலில் ஊறிப்போயிருந்தது. லெக்சரரின் தங்கை கல்யாணம் செம்பட்டியில் நடந்தது. கோயில் பூசை முடிந்து எல்லாரும் மண்டபத்துக்கு வந்து இலை போட்டாகிவிட்டது. முதல் பந்தியில் யார் உட்காருவது என்று இரண்டு பெரியவர்களுக்குள் தகராறு. ஒருவர் தாய்மாமன், மற்றவர் சித்தப்பா. சொல் தடித்து, ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். நாங்கள் கை கழுவும் இடத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று பட்டுப்புடவை சரசரக்க, கையில் பாயச டம்ளரோடு நிலக்கோட்டை அந்த இரண்டு பேருக்கும் நடுவில் குறுக்கே ஓடினாள். ஓடி அந்தச் சுவர் வரைக்கும் போய் நின்றாள். பெரியவர்கள் இருவரும் சண்டையை விட்டுவிட்டு அவள் போன திசையைப் பார்த்தார்கள்.

"என்னத்தா, என்னாச்சு?" என்று கேட்டார் தாய்மாமன்.

"ஒண்ணுமில்ல மாமா. முடிஞ்சுருச்சு," என்றாள்.

எது முடிந்தது என்று அவர்களுக்குப் புரியவில்லை. புரியாமல் நின்ற அந்த நேரத்தில் கோபம் ஆறிப்போய் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவள் எங்களிடம் வந்து முகம் சிவக்க, "கால் தானா ஓடிருச்சுண்ணே, வெளிய சொல்லிராதீக" என்றாள். நான் ஊர் பூராவும் சொன்னேன்.

குழுவை விட்டுப் போனதும் அப்படித்தான். நாற்காலி பத்தாமல் ஜனம் நின்று பார்க்கிற அளவுக்கு நாங்கள் வளர்ந்திருந்த சமயம், ஓசூர்ப் பக்கம் கடை போடுகிறோம், அடுத்த வாரத்திலிருந்து வரமாட்டேன் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அவளைப் பார்த்து நாலு வருஷம் ஆகிறது.

சரி, என் மகள் விஷயத்துக்கு வருகிறேன்.

அவள் ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள். நிலக்கோட்டை எங்களோடு இருந்த அந்த நாட்களில் இவளுக்கு இருபத்தாறு வயது. பெண் பார்க்க மூன்று வீட்டார் வந்து போயிருந்தார்கள். மூன்றாவதாக வந்தவர்கள் ஒட்டன்சத்திரம் பக்கம். மாப்பிள்ளையின் அம்மா இரண்டு தட்டு பஜ்ஜி சாப்பிட்டார், வீட்டைப் புகழ்ந்தார், என் பேச்சைக்கூடப் புகழ்ந்தார். போகும்போது கேட் அருகில் நின்று திரும்பி, என் மகள் தோற்றத்தைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னார். மரியாதையாக, 'ங்க' போட்டுத்தான் சொன்னார். ஜன்னலுக்குப் பின்னால் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. அந்த வாக்கியம் எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு யார் வாயிலும் வந்ததில்லை.

வெளியே மட்டும் என் வாயில் வந்தது. நமக்கு நேர்ந்த கஷ்டத்தைச் சிரிப்பாக்கிச் சொல்வது என் பிறவிக் குணம். பயிற்சியில் ஒரு நாள் ஒட்டன்சத்திரத்து அம்மாவாக நடித்தேன், எங்கள் வீட்டில் நடந்தது என்று சொல்லாமல். கேட் வரைக்கும் போய், திரும்பி, அந்த வாக்கியத்தைச் சொன்னேன். பாய் தரையில் புரண்டார். லெக்சரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிலக்கோட்டை மட்டும் சிரிக்கவில்லை.

"யாரு வீட்டுல நடந்துச்சுண்ணே?" என்று கேட்டாள்.

"எங்கயோ கேள்விப்பட்டது," என்றேன்.

அவள் என்னைப் பார்த்துவிட்டு வேறு எதுவும் கேட்கவில்லை. கஷ்டம் என்னுடையது அல்ல, மகளுடையது என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. சொல்வதற்கே வெட்கமாக இருக்கிறது.

அதற்கு அடுத்த மாதம் ரவுண்டு ரோட்டில் ஒரு ஹாலில் நிகழ்ச்சி. சாயங்காலம் ஐந்து மணி. நாற்காலி அத்தனையும் நிறைந்துவிட்டது. மனைவிக்கு முட்டிவலி, வரவில்லை. மகள் வேலை முடிந்து நேராக வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். என் நடிப்பைப் பார்க்க அவள் வந்தது அதுதான் முதல் தடவை.

லெக்சரர் கூட்டத்தைப் பார்த்து ஒரு சொல் கொடுங்கள் என்றார். எவனோ ஒருவன் "பஜ்ஜி" என்றான்.

எங்கள் குழுவில் ஒரு சட்டம் உண்டு. ஏற்கெனவே செய்து வைத்ததை மேடைக்குக் கொண்டுவரக் கூடாது, அங்கேயே பிறந்ததைத்தான் நடிக்க வேண்டும். அந்தச் சட்டம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பஜ்ஜி என்ற சொல் காதில் விழுந்ததும் என் வாய் ஊறிவிட்டது. பாயைப் பெண்ணின் அப்பாவாக நிறுத்திவிட்டு, முந்தானையாகத் துண்டைப் போட்டுக்கொண்டு மேடைக்குள் நுழைந்தேன்.

"ஏனுங்க, பஜ்ஜி வாழைக்காயிங்களா, வெங்காயமுங்களா?"

"ரெண்டும் இருக்குங்கம்மா," என்றார் பாய்.

"அப்ப ரெண்டையும் வைங்க. பொண்ண அப்புறமாப் பாத்துக்கலாமுங்க."

ஹால் சிரித்தது. பாய், "பொண்ண வரச் சொல்லட்டுங்களா?" என்றார். "மொதல்ல சட்னி வரட்டுமுங்க" என்றேன். இன்னும் சிரிப்பு. இரண்டாவது தட்டு, மூன்றாவது தட்டு, மாப்பிள்ளைக்கு ஒரு பொட்டலம். ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு ஒரு படி ஏறிக்கொண்டே போனது. என் வாழ்நாளில் அப்படி ஒரு சிரிப்பை நான் வாங்கியதில்லை. இதன் உச்சியில் அந்த ஒரு வாக்கியத்தை வைத்தால் கூரை பிய்ந்துவிடும் என்று தெரிந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு கேட் வரை நடந்து, திரும்பி, முகத்தைக் கனிவாக வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"எல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா பொண்ணு…"

அவள் ஓடினாள். எப்போதும் சத்தமில்லாமல் ஓடுகிறவள் அன்றைக்குத் திமுதிமுவென்று ஓடினாள். ஒரு செருப்பு கழன்று மேடை நடுவில் கிடந்தது. கூட்டத்திலிருந்து "அய்யோ" என்று ஒரு சத்தம், இலையில் வைத்த லட்டை யாரோ எடுத்துக்கொண்டுபோன மாதிரி. அடுத்த காட்சியை லெக்சரர் ஆரம்பித்தார், எடுபடவில்லை. நிகழ்ச்சி முடியும்வரை அந்தச் சிரிப்பு திரும்பி வரவில்லை.

உள்ளே போனதும் நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். "அம்புட்டு பேரும் சிரிக்க ரெடியா இருந்தாக. ஒரு வரி. ஒரே ஒரு வரி விட்டுருக்கக் கூடாதா?"

"தப்பா ஓடிட்டேண்ணே," என்றாள்.

"என்னைய மட்டுந்தான் நீ வெட்டுவ. நான் கைதட்டு வாங்குனா உனக்குப் பொறுக்காது."

பாய் என் கையைப் பிடித்து இழுத்தார். லெக்சரர்கூட, "ஏம்மா, நீயா இப்படி?" என்று கேட்டார். அவள் ஒற்றைச் செருப்போடு நின்றுகொண்டு, "ஆமா சார், அவசரப்பட்டுட்டேன்" என்றாள்.

மகளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் நிலக்கோட்டையைத் திட்டிக்கொண்டே வந்தேன். பழனி ரோடு திரும்பும் இடத்தில் மகள் பின்னாலிருந்து பேசினாள்.

"அப்பா, அந்த ஒட்டன்சத்திரத்து அம்மா சொன்னதத்தான சொல்ல வந்தீங்க?"

நான் வண்டியின் வேகத்தைக் குறைத்தேன்.

"நான் எந்திரிச்சுட்டேம்ப்பா. பஸ் ஏறி எரியோட்டுச் சித்தி வீட்டுக்குப் போயிரலாம்னு நெனச்சேன். இனி உங்க மூஞ்சியிலயே முழிக்கக் கூடாதுன்னு நெனச்சேன். அவுங்க ஓடுனாங்க, திரும்ப உக்காந்துட்டேன்."

பைக்கை ஓரம் கட்டினேன். இருபது வருடத்தில் முதல் தடவையாக எனக்குப் பேச்சு வரவில்லை. மகள்தான், "வண்டிய எடுங்கப்பா, அம்மா தேடுவாங்க" என்றாள்.

மறுநாள் காலையில் நிலக்கோட்டைக்குப் போனேன். அவள் பெட்டிகளுக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தாள். நேற்று அப்படிக் கேட்டவன் வந்திருக்கிறானே என்று முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. டீ சொன்னாள்.

"ஏத்தா, சிரிப்பு ஏறுறதப் பாத்துத்தான நீ ஓடுவ? நேத்து ஏறிக்கிட்டுத்தான இருந்துச்சு?" என்று கேட்டேன். எனக்கு அவள் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

"சிரிக்கிறவுகளப் பாத்து என்னண்ணே செய்ய, அவுகதான் சிரிக்கிறாகளே. சிரிக்காத ஆளு எங்க இருக்குன்னு பாப்பேன். கொட்டாவி விடுறாகளா, போன எடுக்குறாகளா, இல்ல மனசு நோகுதான்னு பாப்பேன். அதவச்சுத்தான் ஓடுறது."

"நேத்து யாரப் பாத்த?"

"மூணாவது வரிசையில ஒரு புள்ள. கர்ச்சீப்பச் சுருட்டிக்கிட்டே இருந்துச்சு." கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டுச் சொன்னாள். "மூக்கு அப்படியே உங்க மூக்குண்ணே."

என் மகளை அவள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. நான் சிரிப்பு வாங்கியே தீர வேண்டும் என்று துள்ளிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், இவள் ஓரத்தில் நின்று அத்தனை முகங்களிலும் ஒரு முகத்தைத் தேடி எடுத்திருக்கிறாள். இப்படி ஒருத்தியோடு ஒரே மேடையில் நின்றிருக்கிறேன் என்பதில் எனக்கு இருக்கிற பெருமை, நான் வாங்கிய எந்தக் கைதட்டிலும் கிடைத்ததில்லை. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பயிற்சியில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்றேன். "போன வாரம் இவ ஓடுனது தப்பில்ல. நான்தான் தப்புப் பண்ணேன். என்னன்னா, எங்க வீட்டுல ஒரு நாள்…" என்றேன்.

இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு, எனக்கு முன்னால், குறுக்கே ஓடினாள்.

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். "ஏஜெண்ட மன்னிப்புக் கேக்கக்கூட விடமாட்டேங்குதே இந்தப் புள்ள," என்றார் பாய். நானும் உட்கார்ந்துவிட்டேன்.

படியிறங்கும்போது அவளை நிறுத்திக் கேட்டேன். "சொல்ல விட்டிருந்தா உன் மேல உள்ள பழி போயிருக்கும்ல?"

"எதுக்கு ஓடுனேன்னு சொன்னா, அந்தப் புள்ளையப் பத்தித்தானண்ணே சொல்லணும்? அப்புறம் ஓடி என்ன பிரயோசனம்? தப்பா ஓடுனேன்னே இருந்துட்டுப் போகட்டும்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

குழுவுக்கு இப்போது புதிதாக ஆட்கள் வருகிறார்கள். லெக்சரர் அவர்களுக்கு வெட்டு கற்றுக்கொடுக்கும்போது, எங்கே ஓடக் கூடாது என்பதற்கு அந்தப் பஜ்ஜிக் காட்சியைத்தான் உதாரணம் சொல்கிறார். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் சில நேரம் சறுக்கும் என்கிறார். நான் பின்னால் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். போன மாதமும் சொன்னார். வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள், "எழுதுங்கப்பா. அந்தம்மா சொன்னத மட்டும் எழுதாதீங்க" என்றாள்.

எழுதவில்லை. மற்றதையெல்லாம் எழுதிவிட்டேன். லெக்சரர் இதைப் படிப்பார். படிக்கட்டும்.